படி ஏற மறுக்கும் கால்கள்: குழந்தைகளின் தசை அழற்சி நோயும் வட சென்னையும்

2024 பிப்ரவரி 16 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 19 வயது சுஹானி பட்நாகர் இறந்தார். 'டங்கல்' படத்தில் சிறுமி பபிதாவாக நடித்தவர் என்பதால் நாடு முழுக்கச் செய்தியானது. கையில் வீக்கம் கண்டு ஏறக்குறைய இரண்டு மாதம் பல டாக்டர்களைப் பார்த்த பிறகே, கடைசி நாட்களில், நோய் இன்னதென்று தெரியவந்ததாகப் பெற்றோர் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். டெர்மட்டோமயோசைட்டிஸ் என்ற பெயரை நம்மில் பலர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம்.

இந்த நோய் குழந்தைகளுக்கும் வரும். டாக்டர்கள் அதை ஜுவனைல் டெர்மட்டோமயோசைட்டிஸ், சுருக்கமாக ஜே.டி.எம். என்கிறார்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே தோலையும் தசையையும் தாக்கும் தன்னுடல் தாக்கு நோய் இது. குழந்தைகளுக்கு வரும் தசை அழற்சி நோய்களில் பெரும்பங்கு இதுதான். அரிய நோய் என்றதும் கோடி ரூபாய் ஊசி நினைவுக்கு வருகிறது. ஜே.டி.எம். அந்த வகை இல்லை. இதன் முதல் வரிசை மருந்துகள் அரசு ஆஸ்பத்திரிகளில் புழங்கும் மலிவான மருந்துகள்தான். குழந்தையின் கதி இரண்டு விஷயங்களில் அடங்கியிருக்கிறது: நோயை எத்தனை சீக்கிரம் சந்தேகிக்கிறோம், சிகிச்சையை எத்தனை காலம் அறுபடாமல் நடத்துகிறோம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியை மனதில் வைத்து, இந்த இரண்டையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

எவ்வளவு அரிது?

அமெரிக்கக் கணக்கில் பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்குச் சுமார் 3 பேருக்கும், பிரிட்டன் கணக்கில் சுமார் 2 பேருக்கும் இந்த நோய் புதிதாக வருகிறது. ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரு மடங்கு. பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டித் தொடங்கும். நான்கில் ஒரு குழந்தைக்கு நான்கு வயதுக்கு முன்பே வந்துவிடும்.

பத்து லட்சத்துக்கு மூன்று என்ற விகிதத்தை வைத்துப் பார்த்தால், மூன்று லட்சம் குழந்தைகள் வாழும் ஒரு பகுதியில் ஆண்டுக்கு ஒரு புதிய நோயாளி. தெருமுனை கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் ஒரு ஜே.டி.எம். குழந்தையைக்கூடப் பார்க்காமலே தொழிலை முடித்துக்கொள்ளலாம். அவரிடம் தினமும் வருவது சளி, காய்ச்சல், சொறி, கால் வலி. இந்தக் கூட்டத்துக்குள்தான் அந்த ஒரு குழந்தையும் ஓ.பி. சீட்டோடு நிற்கும்.

உடலுக்குள் நடப்பது

1887-இல் ஜெர்மன் மருத்துவர் எர்ன்ஸ்ட் உன்வெரிக்ட் இந்த நோயை விவரித்தார். 1891-இல் அதற்குப் பெயரும் சூட்டினார். நோயின் உள்கட்டு புரியத் தொடங்கியது மிகவும் பின்னால்தான்.

தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் மிக நுண்ணிய குழாய்கள் முதலில் சேதமாகின்றன. தசை நார்கள் கட்டுக்கட்டாக இருக்கும். ஒவ்வொரு கட்டின் விளிம்பிலும் உள்ள நார்கள்தான் முதலில் சுருங்குகின்றன. மதகில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல் முதலில் காய்வது போல என்று நெடுநாள் விளக்கம் சொல்லிவந்தார்கள். கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் இன்னொன்றையும் சேர்த்திருக்கின்றன. வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற பொருள் இந்தக் குழந்தைகளிடம் வைரஸ் போன பிறகும் அடங்காமல் இயங்குகிறது. நோய் தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் சளிக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்ததாகப் பல பெற்றோர் சொல்வதற்கும் இது பொருந்துகிறது. மரபணுச் சாய்வு, தொற்று, வெயிலின் புற ஊதாக் கதிர் ஆகிய மூன்றும் சேர்ந்து நோயைத் தூண்டுவதாகத்தான் இன்றைய புரிதல் போகிறது. இது ஒட்டுவாரொட்டி நோய் இல்லை. பெரியவர்களின் டெர்மட்டோமயோசைட்டிஸில் புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். குழந்தைகளிடம் அந்தத் தொடர்பு கிடையாது.

வீட்டில் தெரியும் அடையாளங்கள்

இடுப்பு, தொடை, தோள், கழுத்து: உடலின் நடுப்பகுதியை ஒட்டிய தசைகள்தான் முதலில் தளரும். விரல்கள் நன்றாகவே வேலை செய்யும். அதனால் பிள்ளை எழுதும், வரையும், போனில் விளையாடும். ஆனால் தரையிலிருந்து எழ முடியாது. தரையில் சப்பணமிட்டுச் சாப்பிட்டுவிட்டு, கையை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, தன் தொடை மீதே கை வைத்து ஏறுவது போல எழுந்து நிற்கும். 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர் வில்லியம் கவர்ஸ் பெயரால் இதை கவர்ஸ் அடையாளம் என்பார்கள்.

நம் வீட்டு வாழ்க்கையே இதற்கு நல்ல பரிசோதனை. லிஃப்ட் இல்லாத வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடிக்கு ஓடி ஏறிய பிள்ளை, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுகிறது. இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் "அம்மா, தூக்கு" என்கிறது. பஸ் படியில் கால் வைக்கத் தயங்குகிறது. இரட்டைச் சடை பின்னத் தலையைக் கொடுத்தால் கழுத்து சாய்கிறது. பனியனைத் தலைக்கு மேல் கழற்ற முடியவில்லை. "சும்மா சும்மா தூக்கச் சொல்றா" என்று அம்மா சலித்துக்கொள்வாள். பள்ளியில் பி.டி. வாத்தியார் சோம்பேறி என்பார். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே நோயைத்தான்.

தோலில் இரண்டு அடையாளங்கள் முக்கியம். மேல் கண்ணிமையில் ஊதா கலந்த நிறம், சில நேரம் வீக்கத்தோடு. விரல் மூட்டுகளின் மேலும் முழங்கை, முழங்காலிலும் தடித்த, செதிலான புடைப்புகள். இவற்றை காட்ரான் புடைப்புகள் என்பார்கள். பாடப்புத்தகப் படங்களில் இவை ரோஜா நிறத்திலும் செந்நிறத்திலும் இருக்கும். ஏனென்றால் அந்தப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் பிள்ளைகளின் தோலில் இமை வெறுமனே கருத்தது போலிருக்கும். மூட்டுப் புடைப்பு பழுப்பாகவோ வெளிறியோ இருக்கும். வெயிலில் கருத்துவிட்டது, தேமல், சொறி என்று கடந்துபோவது எளிது. சொறி விரல் இடுக்கில் வரும், இரவில் அரிக்கும். காட்ரான் புடைப்பு மூட்டின் முதுகில் உட்காரும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

நகத்தின் அடித்தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கண் பரிசோதிக்கும் ஆஃப்தல்மோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் வீங்கிய, அறுந்த நுண்குழாய்கள் தெரியும். செலவில்லாத, இரண்டு நிமிடப் பரிசோதனை.

மூன்று அடையாளங்கள் கண்டால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறுவது அல்லது குரல் மூக்கால் வருவது, மூச்சு வாங்குவது, கடும் வயிற்று வலியோடு கறுப்பாக மலம் போவது. முதலாவது தொண்டைத் தசை தளர்ந்ததையும், மூன்றாவது குடலின் ரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டதையும் சொல்கின்றன.

தவறிப்போகும் இடங்கள்

தாமதம் எங்கோ ஓரிடத்தில் மொத்தமாக நடப்பதில்லை. தோலைத் தோல் டாக்டர் பார்க்கிறார், காலை எலும்பு டாக்டர் பார்க்கிறார், சோர்வுக்கு மெடிக்கல் ஷாப்பில் டானிக் வாங்குகிறோம். மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆளில்லாமல் வாரங்கள் கழிகின்றன. இடையில் யாரோ ஒருவர் அலர்ஜி என்று ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருப்பார். தோல் சற்றுத் தெளியும். நோய் மறைந்து நின்று, இன்னும் வேகமாகத் திரும்பும்.

இன்னொரு பொறி ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே இருக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கூடியிருந்தால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று நினைக்கிறோம். வீட்டில் கீழாநெல்லி அரைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் இந்த இரண்டு நொதிகளும் தசையிலும் இருக்கின்றன. பிலிருபின் சரியாக இருந்து இவை மட்டும் கூடியிருந்தால், அடுத்துச் செய்ய வேண்டியது சி.பி.கே. என்ற தசை நொதிப் பரிசோதனை. அதே நேரம் சி.பி.கே. சரியாக இருப்பதாலேயே நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. நோய் நாட்பட்ட சில குழந்தைகளிடம் அது இயல்பான அளவிலேயே இருக்கும்.

குழப்பக்கூடிய மற்ற நோய்களும் உண்டு. டுஷேன் தசைச் சிதைவு ஆண் பிள்ளைகளுக்கு வரும். கெண்டைக்கால் பருத்திருக்கும், தோலில் ஒன்றும் இருக்காது, சி.பி.கே. பல ஆயிரங்களில் நிற்கும். ஃப்ளூ காய்ச்சலுக்குப் பின் கெண்டைக்கால் வலியால் பிள்ளை திடீரென நடக்க மறுத்தால், அது பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகும் வைரஸ் தசை அழற்சி. வைட்டமின் டி குறைவு, தைராய்டு குறைவு, லூபஸ் ஆகியவற்றையும் விலக்கிப் பார்க்க வேண்டும்.

உறுதி செய்வது

1975-இல் ஆண்டனி போஹன், ஜேம்ஸ் பீட்டர் இருவரும் வகுத்த ஐந்து அளவுகோல்கள்தான் நெடுங்காலம் வழிகாட்டின: இரு பக்கமும் ஒரே போலத் தசைத் தளர்ச்சி, நொதி உயர்வு, தசை மின்பதிவில் மாற்றம், தசைத் துணுக்கில் அழற்சி, தோல் அடையாளம். 2017-இல் ஐரோப்பிய, அமெரிக்க ருமாட்டாலஜி அமைப்புகள் சேர்ந்து புள்ளிமுறை ஒன்றைத் தந்தன. தோல் அடையாளம் தெளிவாக இருந்தால் தசைத் துணுக்கு எடுக்காமலேயே முடிவுக்கு வர இது உதவுகிறது. மின்பதிவு ஊசிக்குக் குழந்தை அழும், அதனால் எம்.ஆர்.ஐ. அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. தொடை, இடுப்புத் தசைகளில் நீர் கோத்த அழற்சி வெண்மையாகத் தெரியும்.

ரத்தத்தில் சில எதிர்ப்பொருள்கள் நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்கின்றன. என்.எக்ஸ்.பி.2 இருந்தால் சுண்ணாம்புக் கட்டிகள் வரும் வாய்ப்பு கூடுதல். எம்.டி.ஏ.5 இருந்தால் நுரையீரலைக் கவனிக்க வேண்டும். டி.ஐ.எஃப்.1 காமா இருந்தால் தோல் நோய் நீளும். இவை உதவிதான், இந்த முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்திவைக்கத் தேவையில்லை.

தளர்ச்சியை அளக்க ஓர் அழகான முறை இருக்கிறது. சி.எம்.ஏ.எஸ். என்ற அளவை: 14 செயல்கள், மொத்தம் 52 புள்ளிகள். முதல் செயல், மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கிப் பிடிப்பது. இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தால் 5 புள்ளி, ஒன்பது நொடிக்குள் விழுந்தால் 1, தூக்கவே முடியாவிட்டால் 0. காலைத் தூக்குவது, படுக்கையில் புரள்வது, எழுந்து உட்காருவது, தரையிலிருந்து எழுவது, ஸ்டூலில் ஏறுவது என்று வரிசை போகும். ஒரு பாயும் ஒரு ஸ்டூலும் கடிகாரமும் போதும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மாதாமாதம் இதைக் குறித்துவைத்தால், மருந்து வேலை செய்கிறதா என்பதை எந்த லேப் சீட்டையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

மருந்தும் காலமும்

ஸ்டீராய்டு வருவதற்கு முந்தைய காலத்தில் இந்தக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு இறந்தது. ஒரு பங்கு ஊனத்தோடு வாழ்ந்தது. ஒரு பங்கு தானே தேறியது. இன்று நல்ல மையங்களில் இறப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்றுக்குள் வந்துவிட்டது.

வழக்கமான தொடக்கம் இது. நோய் கடுமையாக இருந்தால் மூன்று நாள் மெத்தில்பிரட்னிசோலோன், கிலோவுக்கு 30 மி.கி., அதிகபட்சம் 1 கிராம், நரம்பு வழியே. பிறகு பிரட்னிசோலோன் மாத்திரை, சிறுகச் சிறுகக் குறைத்து. முதல் நாளிலிருந்தே கூடவே மெத்தோட்ரெக்சேட். ஏன் இரண்டும் சேர்த்து? 2016-இல் லான்செட் இதழில் வெளியான சோதனை இதற்குப் பதில் சொன்னது. 22 நாடுகளில் 54 மையங்களில் 139 குழந்தைகள் சேர்ந்தார்கள். ஆறு மாதத்தில் ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் முன்னேறினார்கள். சைக்ளோஸ்போரின் சேர்த்தவர்களில் 70 சதவீதம். மெத்தோட்ரெக்சேட் சேர்த்தவர்களில் 72 சதவீதம். பக்கவிளைவு குறைவு என்பதால் மெத்தோட்ரெக்சேட் முன்னுக்கு வந்தது.

அடங்காத நோய்க்கு அடுத்த படி, நரம்பு வழியே ஏற்றும் இம்யூனோகுளோபுலின். 2022-இல் பெரியவர்கள் 95 பேரிடம் நடந்த சோதனையில் 16-ஆவது வாரத்தில் மருந்து பெற்றோரில் 79 சதவீதமும் போலி மருந்து பெற்றோரில் 44 சதவீதமும் தேறினார்கள். கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் 20 கிலோ பிள்ளைக்கு ஒரு முறைக்கே 40 கிராம் வேண்டும். செலவு பல பத்தாயிரம் ரூபாய். ரிட்டுக்சிமாப் மருந்தின் மாற்று வடிவம் 2007 முதல் இந்தியாவிலேயே தயாராகிறது. இன்டர்ஃபெரான் பாதையை நேராகத் தடுக்கும் டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளும் இங்கே தயாராகின்றன. பிடிவாதமான நோயில் இவற்றின் மீது நம்பிக்கை வளர்ந்துவருகிறது.

தாமதத்துக்கும் அரைகுறை சிகிச்சைக்கும் பிள்ளை கொடுக்கும் விலை, தோலுக்கடியில் சுண்ணாம்பு படிவது. முழங்கை, முழங்கால், பிட்டத்தில் கல் போன்ற கட்டிகள். சில உடைந்து சுண்ணாம்புக் குழம்பாக வெளியேறும். சில மூட்டையே பூட்டிவிடும். படிந்த சுண்ணாம்பைக் கரைக்க உறுதியான மருந்து இன்னும் இல்லை. அதனால்தான் தொடக்கத்திலேயே ஓங்கி அடிக்கும் சிகிச்சையை எல்லா வழிகாட்டிகளும் வலியுறுத்துகின்றன. நிறுத்துவதிலும் அவசரம் கூடாது: ஸ்டீராய்டு முற்றிலும் நின்று, நோய் அடங்கிய நிலையில் குறைந்தது ஓராண்டு கழிந்த பிறகே மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்த யோசிக்கலாம் என்கிறது 2017-இன் ஐரோப்பியப் பரிந்துரை.

வீட்டில் நடக்க வேண்டியவை

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. "ஞாயிற்றுக்கிழமை மாத்திரை" என்று ஒரு பெயரை வைத்து, அட்டையைத் தனியாக வைப்பது நல்லது. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை வேறொரு நாளில் கொடுக்க வேண்டும்.

ஸ்டீராய்டில் முகம் உப்பும், பசி எடுக்கும், எடை ஏறும். பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து வீட்டில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடல், தானாக அதைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். திடீரென விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து பிள்ளை மயங்கிவிடலாம். உப்பையும் பேக்கரிப் பண்டத்தையும் குறைத்து, கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்து, கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வதே வழி.

அம்மை விஷயத்தில் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அம்மை போட்டால் வேப்பிலை கட்டி, மாத்திரை மருந்தெல்லாம் நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை நுரையீரல் வரை போய்விடும். வேப்பிலை இருக்கட்டும்; அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மை என்றாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு தொடங்குமுன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பதும் நெருக்கமான குடியிருப்புகளில் விட்டுவிடக் கூடாத படி.

வெயில் இந்த நோயைக் கிளறிவிடும். கடற்கரையோரப் பிள்ளைகளுக்கு இது சிரமமான கட்டுப்பாடு: முழுக்கைச் சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன், காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிழலான இடம். உடற்பயிற்சிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. முன்பு படுத்தே இருக்கச் சொன்னார்கள். நெதர்லாந்தில் நடந்த சோதனை உள்பட அண்மைய ஆய்வுகள், நோய் கட்டுக்குள் வந்த பிள்ளைக்குப் பயிற்சி பாதுகாப்பானது, பயனுள்ளது என்று காட்டியிருக்கின்றன.

புகைதான் காரணமா?

எண்ணூரிலும் மணலியிலும் எந்தப் பிள்ளைக்கு எது வந்தாலும் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி இது. கேட்க நியாயமும் இருக்கிறது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் இயங்குகிறது. 1970-இல் வந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல்தான் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மட்டும் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியது; அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது.

ஜே.டி.எம்.-க்கும் காற்று மாசுக்கும் தொடர்பு தேடிய ஆய்வு பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரிலிருந்து 2014-இல் வந்தது. தாய் கர்ப்பமாக இருந்தபோது புகையிலைப் புகைக்கும் வேலையிடத் தூசி, ஆவிகளுக்கும் ஆட்பட்டிருந்தால் நோயின் வாய்ப்பு கூடுகிறது என்றது அது. கவனிக்க வேண்டிய முடிவு. ஆனால் சிறிய ஆய்வு. பத்து லட்சத்தில் மூன்று பேருக்கு வரும் நோயில், ஒரு தெருவில் ஒரு பிள்ளைக்கு வந்ததை வைத்து எந்தச் சிம்னியையும் குற்றவாளி ஆக்க முடியாது. மாசுக்கு எதிரான வழக்குக்கு ஆஸ்துமாவும் மூச்சுத்திணறலுமே போதுமான சாட்சி. நோய்வாய்ப்பட்ட பிள்ளைக்கு மட்டும் புகை இன்னொரு வழியில் கேடு: எதிர்ப்பு சக்தி அடங்கிய உடலில் நுரையீரல் தொற்று எளிதில் பிடிக்கும்.

கையில் இருப்பதும் செய்ய வேண்டியதும்

மருத்துவ வசதி இல்லாத ஊர் என்று இந்தப் பகுதியைச் சொல்ல முடியாது. பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்து, இன்னும் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லும் ஸ்டான்லி, ராயபுரத்தை ஒட்டியே இருக்கிறது. எழும்பூரில் குழந்தைகள் நல மருத்துவமனை. சென்ட்ரலுக்கு எதிரே அரசு பொது மருத்துவமனையில், 1970-களில் தொடங்கி நாட்டுக்கே முன்னோடியாக இருந்த ருமாட்டாலஜி துறை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு உண்டு.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கை பெரும்பாலும் பிறவி, மரபணு நோய்களைச் சுற்றியே அமைந்தது; டுஷேன் நோய் அதில் இருக்கிறது. காப்பீடு படுக்கையில் சேர்ந்தால் கைகொடுக்கிறது, ஜே.டி.எம். சிகிச்சையோ பெரும்பாலும் ஓ.பி.யில், இரண்டு மூன்று ஆண்டு நீள்கிறது. துறைமுகத்தில் லோடு ஏற்றும் அப்பாவுக்கும் காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு ஓ.பி. நாளும் ஒரு நாள் கூலி. மூன்றாம் மாதம் பிள்ளை ஓடத் தொடங்கியதும் வருகை நின்றுபோவதற்கு அலட்சியம் என்று பெயர் வைப்பது அநியாயம்.

புதிய கட்டடம் எதுவும் கேட்காத மூன்று காரியங்கள் இதைச் சரிசெய்யும். 2013 முதல் நடக்கும் ராஷ்டிரிய பால ஸ்வஸ்த்ய திட்டக் குழுக்கள் அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் அங்கன்வாடிக்கு இரு முறையும் வருகின்றன. அவர்களின் பட்டியலில் தோல் நோய் ஓர் இடத்திலும் நரம்பு, இயக்கக் குறைபாடு வேறோர் இடத்திலும் இருக்கின்றன. ஒரே பிள்ளைக்கு இரண்டிலும் குறி விழுந்தால் நேராகக் குழந்தை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து எழச் சொல்ல அரை நிமிடம் ஆகும். இரண்டாவது, திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் சி.பி.கே. எழுதவும் ரத்தம் எடுத்து அனுப்பவும் வழி வேண்டும். நோய் உறுதியான பிறகு மெத்தோட்ரெக்சேட்டுக்கான மாதாந்திர ரத்தப் பரிசோதனையும் அங்கேயே முடிந்துவிடும். பெரிய டாக்டரைப் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழும்பூர் போனால் போதும். மூன்றாவது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஏற்கெனவே வீட்டுக்கே பிசியோதெரபி கொண்டுவருகிறது. பெரும்பாலும் முதியவர்களுக்குப் போகும் அந்தப் பயிற்சியாளரின் பட்டியலில் இந்தப் பிள்ளையின் பெயரையும் சேர்த்து, 52 புள்ளி அட்டையைக் கையில் கொடுக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்காக இத்தனையா என்று கேட்கலாம். தோலையும் நடையையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வந்தால் லூபஸ், டுஷேன், வைட்டமின் டி குறைவு உள்ள பிள்ளைகளும் அதே வலையில் சீக்கிரமே அகப்படுவார்கள். அந்த எண்ணிக்கை ஒன்றோடு நிற்காது.